இரவு முழுக்க எடுத்த கூத்துப் பதிவைக் காட்சி காட்சியாக வெட்ட எளிய மென்பொருள் எது?

செய்யாற்றங்கரை · மே 12, இரவு 9:40

வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் போன வாரம் பாரதக் கூத்து நடந்தது. அதில் ஒரு இரவை முழுசாகப் பதிவு செய்திருக்கிறேன். இரவு 10 மணிக்குக் கூத்தைத் தொடங்கி வைக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்ததிலிருந்து விடியற்காலை 5 மணி வரை, ஏழு மணி நேரம். நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவை முக்காலியில் நிறுத்தி நகர்த்தாமல் எடுத்தேன். என் அப்பாதான் அந்தக் குழுவில் முகவீணை (சின்ன நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) வாசிக்கிறார். 68 வயது ஆகிறது.

வேடம் கட்டியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காட்சியை மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். எனக்கு எஃபெக்ட், பின்னணி இசை எதுவும் வேண்டாம். இங்கே தொடங்கு, இங்கே முடி, தனிக் கோப்பாகக் கொடு, அவ்வளவுதான் தேவை.

கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் 13 கோப்புகள், மொத்தம் 54 ஜிபி. கணினி பழையது: ஐ3, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். ஒரு மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெட்டிப் பார்த்தேன். அரை மணி நேரக் காட்சியை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் படத்தின் நடுவில் அவர்கள் பெயர் பெரிதாக விழுந்திருந்தது. முகப்பூச்சின் நிறமும் மங்கிப்போனது. ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்யத் தயார். எதை வாங்கலாம்?


பழைய ஸ்டூடியோ · மே 12, இரவு 10:15

தம்பி, முதலில் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். இரண்டு விவரம் சொல்லுங்கள். கோப்பின் வால் எம்பி4-ஆ, எம்டிஎஸ்-ஆ? நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்?

நான் இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். மினி டிவி டேப் காலத்தில் ஒரு மணி நேர டேப் கணினிக்குள் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். ஏழு மணி நேரக் கூத்து என்றால் ஏழு டேப். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படம், எங்கே வேண்டுமானாலும் கத்தரி வைக்கலாம். இப்போதைய கேமராக்கள் அப்படிப் பதிவதில்லை. நீங்கள் பட்ட பாட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான்.


டெல்டா எடிட்டர் · மே 12, இரவு 10:32

டாவின்சி ரிசால்வ் போடுங்கள். இலவசப் பதிப்பில் படத்தின் மேல் அவர்கள் பெயர் விழும் வாட்டர்மார்க் கிடையாது, நேர வரம்பு கிடையாது. சினிமாவில் கலர் செய்பவர்களே பயன்படுத்தும் மென்பொருள். வேகமாக வெட்டுவதற்கென்றே 2019-இல் தனியாக ஒரு கட் பக்கம் சேர்த்தார்கள். பின்னால் ஏதாவது கற்றுக்கொள்ள நினைத்தாலும் இதிலேயே வளரலாம்.


பழைய ஸ்டூடியோ · மே 12, இரவு 10:41

நல்ல மென்பொருள்தான், மறுக்கவில்லை. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தம்பியிடம் இருப்பது 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ரிசால்வுக்கு 16 ஜிபி வேண்டும். திறப்பதற்குள்ளேயே கணினி நின்றுவிடும். அவருக்கு வேண்டியது கத்தரிக்கோல். எலியைப் பிடிக்க மலையைக் கெல்ல வேண்டாமே.


டெல்டா எடிட்டர் · மே 12, இரவு 10:50

ரேம் அளவைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். சரிதான், அந்தக் கணினிக்கு வேண்டாம். யாராவது லினக்ஸில் போட நினைத்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே இலவசப் பதிப்பு, பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்தும் ஹெச்.264 சுருக்க முறையில் உள்ள சாதாரண எம்பி4 கோப்பைத் திறக்காது. நான் ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது.


செய்யாற்றங்கரை · மே 13, காலை 7:05

ஐயா, எம்பி4 தான். 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃபிரேம், 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு 17 மெகாபிட்) என்று காட்டுகிறது. ஒவ்வொரு கோப்பும் கிட்டத்தட்ட 33 நிமிடம், கடைசிக் கோப்பு மட்டும் கொஞ்சம் சின்னது. நான் எங்கேயும் நிறுத்தவில்லை. அதுவாகவே பிரித்திருக்கிறது.


கட்டற்ற தம்பி · மே 13, காலை 8:20

அண்ணா, உங்கள் வேலைக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது: லாஸ்லெஸ்கட். திறமூல மென்பொருள். கிட்ஹப்பில் இலவசமாக இறக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் மேக் ஆப் ஸ்டோரிலும் விலைக்கு இருக்கிறது, அது செய்தவருக்குக் கொடுக்கும் ஆதரவு. வேலை ஒன்றுதான்.

இது ஏன் வேறு என்று சொல்கிறேன். சாதாரண எடிட்டர் ஒரு வீடியோவை வெட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்து, மறுபடி சுருக்கி எழுதுகிறது. இதைத்தான் ரீ-என்கோடு என்கிறோம். அரை மணிக் காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனதும், முகப்பூச்சு மங்கியதும் அதனால்தான். லாஸ்லெஸ்கட் எதையும் விரிப்பதில்லை. நீங்கள் குறித்த பகுதியில் இருக்கும் தரவை அப்படியே நகலெடுத்துப் புதிய கோப்பில் வைக்கிறது. கேமரா பதிந்த தரம் துளியும் குறையாது. நேரமும் ஒரு கோப்பை நகலெடுக்கும் நேரம்தான். உள்ளே உழைப்பது எஃப்எஃப்எம்பெக் என்ற பழைய கருவி, 2000-இல் தொடங்கியது. கட்டளை எழுதத் தெரிந்தால் அதையே நேரடியாகவும் பயன்படுத்தலாம். நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், இதில் பொத்தான்கள் இருக்கின்றன.

செய்முறை சின்னதுதான். கோப்பை இழுத்துப் போடுங்கள். காட்சி தொடங்கும் இடத்தில் ஐ விசை, முடியும் இடத்தில் ஓ விசை. அடுத்த காட்சிக்குக் கூட்டல் குறியை அழுத்திப் புதுப் பகுதி சேர்க்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதலாம். எல்லாம் குறித்தபின் இ விசை, எல்லாம் தனித்தனிக் கோப்பாக வெளியே வரும். நேரங்களை ஏற்கெனவே நோட்டில் எழுதி வைத்திருந்தால், தொடக்கம், முடிவு, பெயர் என்று காற்புள்ளியால் பிரித்த ஒரு சிஎஸ்வி கோப்பாகத் தட்டச்சு செய்தும் உள்ளே கொண்டுவரலாம்.

இது பிடிக்கவில்லை என்றால் அவிடெமக்ஸ் இருக்கிறது. அதுவும் இலவசம், இன்னும் இலகுவானது. வீடியோ, ஆடியோ இரண்டையும் காப்பி என்ற நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றினால் மறுபடி ரீ-என்கோடு ஆரம்பித்துவிடும்.


கணக்கு டீச்சர் · மே 13, மதியம் 1:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை ஓபிஎஸ் என்ற மென்பொருளில் திரைப்பதிவாக எடுக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு லாஸ்லெஸ்கட் போட்டேன். வேகம் உண்மைதான், 40 நிமிடப் பாடம் சில நொடிகளில் வந்துவிட்டது. ஆனால் நான் குறித்த இடத்தில் வெட்டவில்லை. “சரி, பாடத்துக்குள் போகலாம்” என்று சொல்லும் இடத்தில் குறித்தேன். வந்த கோப்பில் அதற்கு ஏழெட்டு நொடி முன்னால், நான் தண்ணீர் குடிப்பதிலிருந்து தொடங்குகிறது. வேறு ஒரு முறையை மாற்றிப் பார்த்தேன். அப்போது குரல் சரியாகத் தொடங்குகிறது, படம் மட்டும் சில நொடிகள் உறைந்து நிற்கிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?


பழைய ஸ்டூடியோ · மே 13, மாலை 6:30

டீச்சர், நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நேற்று நான் பாதியில் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன், செய்யாற்றுத் தம்பிக்கும் உதவும்.

இன்றைய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. எப்போதாவது ஒன்று முழுப் படமாக இருக்கும், அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் “முன்னால் இருந்ததிலிருந்து என்ன மாறியது” என்ற குறிப்பு மட்டும்தான். கோலம் போடுகிறவர் முழுக் கோலத்தை ஒருமுறை வரைந்து வைத்துவிட்டு, பிறகு “இந்தப் புள்ளியில் ஒரு சுழி கூடுதல்” என்று மட்டும் எழுதி வைப்பது போல. அந்தக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் கோலத்தை வரைய முடியாது, முழுக் கோலம் வேண்டும். அதனால்தான் ரீ-என்கோடு செய்யாமல் வெட்டும் மென்பொருள் கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு முன்னால் இருக்கும் கீஃபிரேமுக்குப் பின்வாங்குகிறது. பின்வாங்காதே என்று சொன்னால் குரல் மட்டும் வந்து படம் உறைகிறது.

இது தொடக்கத்துக்கு மட்டும்தான். முடிவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அங்கே பிரச்சினை வராது.

உங்கள் பதிவில் ஏன் ஏழெட்டு நொடி? ஓபிஎஸ்-இல் கீஃபிரேம் இடைவெளி தானியங்கியாக, அதாவது 0 என்று இருக்கும். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற உள்கருவி அப்போது 250 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம் வரை போகும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் எட்டு நொடிக்கு மேல். அசையாத கரும்பலகை மாதிரி படம் என்றால் அந்த எல்லை வரைக்கும் அது போகத்தான் செய்யும். அமைப்பில் அந்த 0-வை 1 அல்லது 2 ஆக்கிவிடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும். அடுத்த பதிவிலிருந்து ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் வெட்டலாம். கேமராக்கள் பெரும்பாலும் அரை நொடி, ஒரு நொடிக்கு ஒருமுறை கீஃபிரேம் வைக்கும். அதனால் கூத்துப் பதிவில் இந்தத் தொந்தரவு பெரிதாகத் தெரியாது.


கணக்கு டீச்சர் · மே 13, இரவு 8:05

ஐயா, கோலத்தை வைத்துச் சொன்னது நன்றாகப் புரிந்தது. 2 என்று மாற்றிச் சின்னதாக ஒரு பதிவு எடுத்துப் பார்த்தேன், ஒன்றரை நொடி முன்னால் தொடங்குகிறது. எனக்கு அது போதும். ஆனால் பாடத்தின் நடுவில் இருமல், தடுமாற்றம் வரும் இடங்களை எடுக்க வேண்டும். அங்கே ஒன்றரை நொடி தள்ளிப்போனால் பாதி வாக்கியம் கேட்கிறது. ஏற்கெனவே எடுத்த 22 பாடங்களும் இருக்கின்றன.


கட்டற்ற தம்பி · மே 13, இரவு 8:40

டீச்சர், நடுவில் துல்லியமாக எடுக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு கருவிதான். ஷாட்கட் போடுங்கள். இலவசம், வாட்டர்மார்க் இல்லை, லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். வீடியோவை டைம்லைனில் போட்டு, இருமல் தொடங்கும் இடத்தில் எஸ், முடியும் இடத்தில் மறுபடி எஸ். நடுத்துண்டைத் தேர்ந்து எக்ஸ் அழுத்தினால் அது நீங்கி, பின்னால் இருப்பது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இசட் அழுத்தினால் அந்த இடம் காலியாக நிற்கும், அது உங்களுக்கு வேண்டாம். இந்த மூன்று விசைகளை வைத்தே ஒரு பாடத்தை முடிக்கலாம். ஒலி அலை கீழே தெரியும், அதைப் பார்த்தே இருமல் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

கணினி திணறினால் அமைப்பில் முன்னோட்ட அளவை 360பி ஆக்குங்கள். ப்ராக்ஸி என்று ஒன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு மட்டும் சின்ன நகல் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, கடைசியில் அசலிலிருந்து எழுதும். கேடென்லைவ் என்ற இன்னொரு இலவச எடிட்டரிலும் இதே வசதி உண்டு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எம்எல்டி என்ஜின், எது கைக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இதில் ரீ-என்கோடு தவிர்க்க முடியாது, அதனால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஓபிஎஸ் பதிவைச் சாதாரண எம்பி4-இல் எடுக்காதீர்கள், எம்கேவி-இல் எடுங்கள். எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். 39-ஆவது நிமிடத்தில் மின்சாரம் போனால் மொத்தக் கோப்பும் திறக்காது. எம்கேவி என்றால் அதுவரை எடுத்தது மிஞ்சும். பிறகு கோப்பு மெனுவில் ரீமக்ஸ் என்று கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.


விண்டோஸ் வாசி · மே 13, இரவு 9:20

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் கிளிப்சாம்ப் பார்க்கலாம். கூடவே வருகிறது. 1080பி வரை இலவசம், வாட்டர்மார்க் இல்லை. மூவி மேக்கரை 2017 ஜனவரியில் நிறுத்திய பிறகு என் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபமாக இருக்கிறது.


ஊர் சுற்றி · மே 14, காலை 6:50

இவ்வளவு சிரமம் எதற்கு? கடைகளில் வைத்திருக்கும் பெரிய எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பு எங்கேயும் கிடைக்கிறது. நூறு ரூபாய் கொடுத்தால் போட்டுக்கொடுப்பார்கள்.


பழைய ஸ்டூடியோ · மே 14, காலை 7:30

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கல்யாண சீசன் நடுவில் அப்படி ஒரு கிராக் பதிப்பைப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்பின் பெயரும் மாறியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஒரு செய்தி. நான்கு கல்யாணங்களின் பதிவு அதில் இருந்தது. இரண்டுக்கு மட்டும் கார்டில் பிரதி இருந்தது. மற்ற இரண்டு குடும்பத்துக்கும் நான் என்ன சொல்ல முடியும்? ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் பாட்டி அடுத்த மாதமே காலமாகிவிட்டார். அவர் பேத்தியை வாழ்த்தியது அந்தப் பதிவில் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு மனம் வருவதில்லை.

இலவசமாக, நேர்மையாகக் கிடைக்கும் மென்பொருள் இத்தனை இருக்கும்போது அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். தம்பி, உங்கள் 54 ஜிபியை வெட்டத் தொடங்கும் முன் வேறொரு டிஸ்கில் ஒரு பிரதி போடுங்கள். ஒதுக்கிய ஆயிரம் ரூபாயை மென்பொருளுக்குச் செலவழிக்காமல் பெரிய பென் டிரைவாக வாங்கிவிடுங்கள்.


வாவிக்கரை · மே 14, மாலை 5:15

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். கைபேசியில் படம் எடுத்தேன். கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளமும் பாட்டும் தெளிவாக விழ வேண்டும் என்று தனி ஒலிப்பதிவுக் கருவியும் வைத்தேன். ஷாட்கட்டில் இரண்டையும் தொடக்கத்தில் பொருத்தினால் சரியாக இருக்கிறது. 40 நிமிடம் போனதும் கால் அடவு ஒரு பக்கம், சதங்கைச் சத்தம் ஒரு பக்கம். ஏறக்குறைய ஒரு நொடி விலகிவிட்டது. வெட்டி வெட்டிப் பொருத்திக் களைத்துவிட்டேன்.


கட்டற்ற தம்பி · மே 14, மாலை 6:00

அண்ணா, கைபேசிகள் நொடிக்கு 30 என்று சொன்னாலும் சீராக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 24, 20 என்று இறங்கும், கூடினால் ஏறும். இரவுக் கூத்தில் இது அதிகம். எடிட்டர் சீரான வேகம் என்று நம்பிக் கணக்குப் போடுவதால் விலகல் வருகிறது. வெட்டுவதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை ஒருமுறை மாற்றுங்கள். அதில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்து, வேகம் 30 என்று கொடுங்கள். வரும் கோப்பை வைத்து எடிட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சிறிது விலகினால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் லேசாக வேறுபடுகிறது என்று பொருள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி வரும் இடத்தில் ஒலியை ஒருமுறை வெட்டிப் பொருத்தினால் போதும், காதுக்குத் தெரியாது.


வாவிக்கரை · மே 15, இரவு 10:20

மிக்க நன்றி தம்பி. மாற்றிய கோப்பில் ஒரு மணி நேரத்துக்கும் கால் அடவும் சதங்கையும் ஒன்றாகவே வருகின்றன. அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன்.


டெல்டா எடிட்டர் · மே 15, இரவு 10:45

செய்யாற்று நண்பருக்கு இன்னொரு வழி. வெட்டாமலே யூடியூபில் முழு இரவையும் ஏற்றலாம். 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஏற்கும், கைபேசி எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 15 நிமிடம்தான். விவரப் பகுதியில் 0:00 தொடங்கி நேரமும் காட்சிப் பெயரும் எழுதினால் அதுவே அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். ஆனால் 13 கோப்பையும் முதலில் ஒன்றாக ஒட்ட வேண்டும். யூடியூபின் உள்ளேயே இருக்கும் எடிட்டரில் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவை அது தொடாது. எதுவானாலும் பொதுவில் போடும் முன் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது அவர்கள் தொழில்.


செய்யாற்றங்கரை · மே 17, இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிரதி எடுத்தேன். பிறகு லாஸ்லெஸ்கட். முதல் கோப்பில் மூன்று காட்சிகளைக் குறித்து இ அழுத்தினேன். இரண்டு நிமிடத்துக்குள் மூன்றும் வந்துவிட்டன. நம்ப முடியாமல் மறுபடி திறந்து பார்த்தேன். முகப்பூச்சின் சிவப்பும் பச்சையும் கேமராவில் பார்த்தது போலவே இருக்கின்றன.

வெட்டியதை அப்பாவிடம் காட்டினேன். திரை விலகும் இடத்தில் தொடங்கியிருந்தேன், அதுதான் காட்சியின் தொடக்கம் என்று நினைத்து. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். “வேஷக்காரன் திரைக்குப் பின்னால் இருந்து பாடுகிறானே, அதற்கு முன்னால் முகவீணையில் ராகத்தை எடுத்துக் கொடுக்கிறோமே, அது எங்கே?” என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் வாசிப்பையே நான் வெட்டி எறிந்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லியிருக்காது. பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எல்லாக் காட்சியையும் குறித்தேன். அவர் கையை அசைக்கும் இடத்தில் ஐ, தலையை ஆட்டும் இடத்தில் ஓ. இரண்டு இரவுகள் ஆயின. 14 காட்சிகள்.

ஒரு சந்தேகம். ஒரு காட்சி ஐந்தாவது கோப்பின் கடைசியில் தொடங்கி ஆறாவது கோப்பில் முடிகிறது. அதை எப்படி ஒட்டுவது? மொத்தத்தையும் ஒட்டினால் இன்னொரு 54 ஜிபி வேண்டும், டிஸ்கில் இடமில்லை.


கட்டற்ற தம்பி · மே 17, இரவு 9:35

மொத்தத்தையும் ஒட்ட வேண்டாம் அண்ணா. ஐந்தாவது கோப்பில் காட்சித் தொடக்கத்திலிருந்து கோப்பு முடியும் வரை ஒரு துண்டு. ஆறாவதில் தொடக்கத்திலிருந்து காட்சி முடியும் வரை ஒரு துண்டு. இந்த இரண்டை மட்டும் கருவிகள் மெனுவில் உள்ள ஒட்டும் வசதியில் வரிசை பார்த்துப் போடுங்கள். ஒரே கேமரா, ஒரே அமைப்பு என்பதால் ரீ-என்கோடு இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

கேமரா ஏன் பிரித்தது என்றால், மெமரி கார்டுகளில் பயன்படும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய கார்டு போட்டாலும் பல கேமராக்கள் அந்த அளவிலேயே கோப்பை மாற்றுகின்றன. 17 எம்பிபிஎஸ் என்றால் 33 நிமிடத்தில் 4 ஜிபி நிறைந்துவிடும், உங்கள் கணக்குச் சரியாக இருக்கிறது.


செய்யாற்றங்கரை · மே 18, காலை 6:40

ஒட்டிவிட்டது. தாளம் தட்டும் இடத்தில்தான் இணைப்பு வருகிறது, ஆனாலும் காதுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் போட்டுக் காட்டினேன், அவரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது அனுப்புவதுதான் பிரச்சினை. 20 நிமிடக் காட்சி இரண்டரை ஜிபி வருகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் மங்கிவிடுகிறது.


பழைய ஸ்டூடியோ · மே 18, காலை 8:00

வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் தரம் மாறாது, ஆனால் 2 ஜிபி வரைதான் ஏற்கும். உங்களுடையது தாண்டுகிறது. ஊரில் இருப்பவர்களுக்குப் பென் டிரைவில் அசல் தரத்திலேயே கொடுங்கள், அதுதான் நல்லது. வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக்கில் ஃபாஸ்ட் 720பி30 என்ற தயார் அமைப்பில் சுருக்கி, ஆவணமாக அனுப்புங்கள். இரவுக் காட்சியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், அதையும் படம் என்று நினைத்து மென்பொருள் இடம் ஒதுக்கும். அதனால் பகலில் எடுத்ததைவிடக் கோப்பு பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். சுருக்கியதை அனுப்பியபின் அழித்துவிடுங்கள், அசலை மட்டும் வைத்திருங்கள். பிறகு எது அசல் எது நகல் என்று குழம்பிவிடும்.


கணக்கு டீச்சர் · மே 18, மாலை 5:50

நானும் ஒரு முன்னேற்றம் சொல்ல வேண்டும். எட்டுப் பாடங்கள் ஷாட்கட்டில் முடித்துவிட்டேன். முதல் பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது, நேற்று எடுத்தது இருபது நிமிடம்தான். ஒலி அலையைப் பார்த்தே இருமலைப் பிடிக்கப் பழகிவிட்டது.

ஆனால் தலைப்பு எழுதும்போது தடுமாறினேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் உறவினர் கொடுத்த எழுத்துருவைப் போட்டால் தமிழே வரவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது.


பழைய ஸ்டூடியோ · மே 18, இரவு 7:15

டீச்சர், ஸ்டூடியோக்களில் இன்னும் பாமினி, வானவில் மாதிரியான பழைய குறியீட்டு எழுத்துருக்களைத்தான் வைத்திருக்கிறோம். இன்றைய கணினிகளின் பொதுக் குறியீடான யூனிகோட் தமிழ் அவற்றில் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன் என்று இலவச யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன. ஒன்றை நிறுவி, ஷாட்கட்டில் சாதாரண உரை வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். பிரீமியர் என்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் கிராஃபிக்ஸ் அமைப்பில் எழுத்து என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் “கொ” என்பது துண்டு துண்டாக நிற்கும்.


செய்யாற்றங்கரை · மே 20, இரவு 11:05

11 பேருக்கும் கொடுத்து முடித்துவிட்டேன். ஒன்பது பேருக்குப் பென் டிரைவில், பெங்களூரில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்குச் சுருக்கி ஆவணமாக. கட்டியங்காரன் வேடம் போட்டவர் தன் காட்சியை வீட்டில் டிவியில் போட்டுத் தெருவையே கூட்டி வைத்துக் காட்டியிருக்கிறார். வாத்தியாரிடம் யூடியூப் பற்றிக் கேட்டேன். இந்த வருடக் கூத்து நாட்கள் முடியட்டும், குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரை எங்கும் ஏற்றப் போவதில்லை.

அப்பா மட்டும் எதையும் கேட்கவில்லை. நானாகவே அவர் ராகம் எடுக்கும் இடங்களை மட்டும் 14 காட்சிகளிலிருந்தும் தனியாக வெட்டி ஒட்டினேன். 19 நிமிடம் வந்தது. இன்று சாயங்காலம் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது முறையும் கேட்டார். பிறகு 9-ஆவது துண்டில் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாகிவிட்டது என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் அதே குழு ஆடுகிறது. கேமராவை மறுபடி இரவல் கேட்டிருக்கிறேன். இந்த முறை மைக்கை அப்பா பக்கம் வைக்க வேண்டும். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் முகவீணை அமுங்கிவிடுமா? யாராவது வைத்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


வாவிக்கரை · மே 21, காலை 7:20

ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் தம்பி. முகவீணைக்கு மூன்றடி முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் உரத்த இடங்களில் ஒலி பிளக்கும். கூத்து தொடங்கும் முன் அப்பாவை ஒரு முறை உச்சத்தில் வாசிக்கச் சொல்லி, அளவுமானி சிவப்புக்குப் போகாமல் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரவு முழுக்க அதைத் தொட வேண்டாம்.